தொண்ணூற்றொன்பது

குரோனிங்கனில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
எதிர்மேசையில் ஃப்ரௌக்யா
மழைக் கால்சட்டையைக் கழற்ற மறந்து
பதினோராவது நேர்காணலைத்
திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சிடுகிறாள்.
நாற்காலிக்கடியில் சின்னதாய் ஒரு குளம்.

பேசுகிறவர் பாலம் தூக்குகிறவர். வயது அறுபத்திரண்டு.
பெயரை மாற்றித்தான் எழுதுவோம் என்றதற்கு,
"இத்தனை வருஷம் ஒளிச்சுவெச்சதை
இன்னிக்குத்தான் வெளியே எடுத்தேன்.
அதுக்குள்ள என்னை ஒளிச்சுவைக்கணுமா?" என்றாராம்.
நெறிக்குழுவின் படிவம் ஆமாம் என்றது.
ஊபோ என்று வைத்துக்கொண்டார்,
செத்துப்போன நாயின் பெயர்.

ஊபோவுக்கு இருபத்தெட்டு வருஷ மணவாழ்க்கை.
"குளிர்காலத்துல அவ பாதம் ரெண்டையும்
என் கெண்டைக்கால்ல ஒட்டிவெச்சுக்குவா.
அவ்வளவுதான்.
அவ்வளவுதானான்னு மட்டும் கேட்காதீங்க."

என் வேலை எண்கள்.
ஆயிரத்து இருநூற்றாறு பேர், முப்பத்தெட்டுக் கேள்விகள்.
பத்தொன்பதாவது: ஒருவர்மேல் கடைசியாக எப்போது ஆசை வந்தது?
போன வாரம் என்றால் 1, போன மாதம் என்றால் 2.
எனக்குப் பொருந்தாது என்றால் 99.
சராசரி எடுக்குமுன் 99களைக் களைவது கைப்பழக்கம்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
ஒரு வரிக் கட்டளை.
நாற்பத்தேழு பேர் போயே போனார்கள்.

தேநீரோடு பின்னால் நின்றவள் கேட்டாள்:
"எங்கே அவங்க?"
பதில் இல்லாதவர்கள், நீக்கிவிட்டேன்.
"பதில் சொல்லியிருக்காங்களே.
கேள்விக்குத்தான் அவங்க வீட்டு முகவரி தெரியலை."

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
பாலீர்ப்பின்மை என்று என் மொழியில் எழுதிப் பார்த்தேன்.
வாலில் ஓர் இன்மை,
ஏதோ களவுபோனதுபோல்,
போலீசில் போய்ச் சொல்ல வேண்டியதுபோல்.
ஆனால் அச்சமின்மைக்கும் அதே வால்தானே.
அங்கே யாரும் தொலைந்த அச்சத்தைத் தேடி அலைவதில்லை.

மறுநாள் நாற்பத்தேழு பேரையும் திரும்பக் கூப்பிட்டுத்
தனிப் பத்தியில் உட்காரவைத்தேன்.
அட்டவணை பிதுங்கி
அச்சில் தாளின் ஓரத்தைத் தாண்டிப் போனது.

மார்ச்சில் கட்டுரை வந்தது.
ஆய்வாளர்கள் கூடிப் பேசும் வலைத்தளத்தில் பகிர்ந்தாள்.
ஒருவர் ரத்தப் பரிசோதனை சிபாரிசு செய்தார்.
இன்னொருவர், பேராசிரியர்,
சரியான ஆள் கிடைக்கவில்லை போலும் என்றார்.
மூன்றாமவர் வெகு மரியாதையாக:
ஆசிரியரின் சொந்த நிலை என்னவோ?

பக்கத்து அறை வெஸல் சிறைகளை ஆராய்கிறான்.
எத்தனை வருஷம் உள்ளே இருந்தாய் என்று
இதுவரை எவரும் கேட்டதில்லை.

தன்னைப் பற்றிய இரண்டு வரிக் குறிப்பை
அழித்தழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.
சொன்னால் ஆய்வு டைரியாகிவிடும்.
சொல்லாவிட்டால்
ஊபோவின் துணிச்சலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு
தன்னுடையதைக் காட்டாமல் நடந்ததாகிவிடும்.
இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை.
முதுகைப் பார்த்து நானாக எண்ணிக்கொண்டது.

காலையில் பார்த்தேன்:
சமூகவியலாளர். பத்தொன்பதாம் கேள்விக்கு என் விடை 99.
புரிந்தவர்கள் பன்னிரண்டு பேர் இதயம் இட்டிருந்தார்கள்.
நானும் இடப்போய்,
இதற்கு இதயம்தான் குறியா என்று விரல் நின்றது.
பிறகு இட்டேன்.

மாலையில் சைக்கிளில் திரும்பும்போது
பாலம் தூக்கி நின்றது.
மணல் ஏற்றிய படகு, அவசரமே இல்லாமல்.
கண்ணாடி அறைக்குள் இருந்தவர்
எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார்.
ஃப்ரௌக்யா குனிந்து சைக்கிள் சங்கிலியைப் பார்த்தாள்.
அது கழன்றிருக்கவில்லை.
யாரென்று நான் கேட்கக் கூடாது. கேட்கவில்லை.
படகின் பெயரை வாசித்தேன்,
இரண்டு முறை.